டோரின் கேஸைத் திறக்கவில்லை

இங்கிலாந்தின் பர்ன்லியில் இருபது வருடமாக வீட்டுக் கணப்புகளில், கரிக்குப் பதிலாகக் குளிர்காயும் கேஸ் அடுப்பு பொருத்துகிறவள் டோரின். பொருத்தும் முன் கணப்புக்குள் ஒரு புகை வில்லையைக் கொளுத்துவாள். புகை சிம்னி வழியே மேலே போனால்தான் மேற்கொண்டு வேலை. எவன் கெஞ்சினாலும் இதை அவள் விட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், என் பக்கத்து வீட்டு நார்மனின் கணப்பில் கொளுத்திய புகை எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. டோரின் கம்பியை விட்டுக் குத்தியதில் சுள்ளிகள் உதிர்ந்தன. சிம்னிக்குள் காக்கை கூடு கட்டியிருந்தது. அதை எடுக்கிற ஆள் பண்டிகை கழிந்துதான் வருவான்.

"எங்கப்பா இதுல நாப்பது வருசம் கரி எரிச்சாரும்மா. ஒருத்தரும் சாகல," என்றார் நார்மன்.

"கரிப்புகை கண்ணைக் கரிக்கும், இருமிக்கிட்டே வெளிய ஓடிருவீங்க. கேஸ் எரிஞ்சு வர்ற விஷக்காத்து வெளிய போகலேன்னா வாசனையே இல்லாம தூங்க வச்சுக் கொன்னுடும்ண்ணே."

"நாளைக்கு என் மாமியார் வர்றாங்க. குளிர்ல உக்கார வைக்கவா?"

"கோட்டைப் போட்டுக்கிட்டு உக்காரச் சொல்லுங்க."

"உன் முதலாளிக்குப் புகார் எழுதுவேன்."

டோரின் கேஸ் குழாயின் வாயை மூடி முடுக்கினாள். பிறகு தன் பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எழுதுங்க. அதை எழுத நீங்க உசுரோட இருக்கணும்னுதான் மூடிட்டுப் போறேன்."