டைகர் டிரவுட்டும் பண்ணை வீட்டுக் குளமும்

இன்னைக்குத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் வர்ற பஸ்ல, அமெரிக்காவில் இருக்கிற மகனோட வீடியோ காலில் பேசிக்கிட்டு வந்தேன்.

அடுத்த மாசம் நான் அங்கே போறேன். மலை ஏரி ஒண்ணுல ரெண்டு பேரும் டைகர் டிரவுட் பிடிக்கப் போறோம். உடம்பெல்லாம் புலி மாதிரி வரி இருக்கிற மீன். புழு கிடையாது. இறகுல செஞ்ச பொய் ஈயைத் தூண்டில்ல கட்டி வீசணுமாம். எனக்கு பூட்ஸ் வேற வாங்கி வச்சிருக்கான்.

போனை வச்சதும் பக்கத்து சீட்டுப் பெரியவர் சிரிச்சார். "மீன் பிடிச்சுப் பழக்கம் உண்டா சார்?"

"எனக்கு இல்லைங்க. எங்க அப்பா ஒரு தடவை பண்ணை வீட்டுக் குளத்துல தூண்டில் போட்டார். மரத்துல கட்டி வச்சு அடிச்சாங்க."

"எந்த ஊரு?"

சொன்னேன். அவர் முகம் மாறிப்போச்சு.

"அது எங்க வீட்டுக் குளம்தான். அடிச்சது எங்க பெரியப்பா. எனக்கு அப்ப பத்து வயசு, பார்த்துக்கிட்டு நின்னேன். அப்பா இருக்காங்களா?"

"இருக்கார். எண்பத்து மூணு வயசு."

"நான் வந்து பார்க்கலாமா? வேண்டாம்னா வரலை."

இத்தனை வருஷமா மனசுல கோபம் இருந்தாலும், இதுக்குப் பதில் சொல்ல வேண்டியது அப்பாதான். அப்பாவுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

அப்பா சொன்னார்: "வரட்டும்ப்பா. வாசல்ல நிக்க வைக்காதே. உள்ளே கூப்பிட்டு உட்கார வை."

ஞாயித்துக்கிழமை அந்தப் பெரியவர் வர்றார்.

அப்பாகிட்ட ஒண்ணு மட்டும் இன்னும் சொல்லலை. அந்த அமெரிக்க ஏரியில மீனைப் பிடிச்சதும் திரும்பத் தண்ணியிலேயே விட்டுடணுமாம். இதை அவருக்கு எப்படிப் புரியவைக்கிறதுன்னு யாராவது சொல்லுங்களேன்!