வெண்ணெய் தொட்ட விரல்

"எனக்குப் பொறாமையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் இஷென்பாய். டாக்டர் அய்ஜாமல் கேட்டது, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்றுதான்.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். சம்பந்தி சாதிரைப் பற்றிய பேச்சு என்று அவளுக்குத் தெரியும்.

இளவயதில் இருவரும் நாரின் மலைப்பக்கம் சேர்ந்து குதிரை மேய்த்தவர்கள். ஒரே கத்தியில் சவரம் செய்துகொண்டார்கள், ஒன்றாகவே மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். சாதிரின் ரத்தத்திலிருந்து அந்தக் காமாலை வைரஸ் ஒரு பனிக்காலத்துக்குள் ஓடிப்போனது. இஷென்பாயின் ஈரலில் அது குடித்தனமே வைத்துவிட்டது. அன்றிலிருந்து சாதிர் தாவிக் குதிரையேறுவதைப் பார்த்தாலே இவருக்கு வயிறு எரியும்.

இப்போது பேரன் பிறந்திருக்கிறான். குழந்தையின் வாயில் முதல் வெண்ணெய் வைப்பவரின் குணமும் தெம்பும் அதற்கு வரும் என்பார்கள். மகன் வழித் தாத்தாவான இவரைத்தான் வைக்கச் சொன்னார்கள். கிருமிக்குப் பயந்து, தானே அதை சாதிருக்கு விட்டுக்கொடுத்தார். கொடுத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

"அவன் ரத்தத்துல காவல் இருக்கறவங்க சிங்கம். என் ஆளுங்க சோம்பேறிங்களாம்மா?"

"சோம்பேறி இல்ல பெரியப்பா. அவரு ஆளுங்க ஒரு பந்தயம் ஓடி ஜெயிச்சு ஓஞ்சாங்க. உங்களுக்குப் பந்தயமே இன்னும் முடியல."

எதிரி தினமும் கண்ணெதிரே நின்றால் ரத்தத்தில் காவல் காக்கும் அணுக்கள் களைத்துவிடும் என்றாள். முழுமூச்சாக அடித்தால் ஈரலே போய்விடும் என்று தாங்களாகவே கடிவாளத்தை இழுத்துக்கொள்ளும். அவற்றுக்குள் இருக்கும் சின்னச் சின்ன அடுப்புகளும் மங்கிவிடும். இரை கிடைத்தாலும் அதைத் தெம்பாக்க முடியாது.

இஷென்பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வியர்த்த குதிரையை ஆறவிடாமல் நாள்கணக்கில் விரட்டினால், பிறகு பார்லியைக் கொட்டினாலும் தின்னும், உடம்பில் ஒட்டாது. அப்படிப்பட்ட குதிரையை அவர் ஒருநாளும் சாட்டையால் தொட்டதில்லை.

வெண்ணெய் தொட்டு வைப்பதில் அந்த வைரஸ் தொற்றாது, ரத்தம் வழியாகத்தான் போகும் என்றும் சொன்னாள் அய்ஜாமல். குழந்தைக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டாயிற்று. விரலில் காயம் இல்லையே என்று பார்த்து, நீங்களே வையுங்கள் என்று அனுப்பினாள்.

மறுநாள் காலை சாதிர் புதுத் தொப்பியோடு கைகழுவித் தயாராக உட்கார்ந்திருந்தார். இஷென்பாயின் மனைவி பூருல் வெண்ணெய்க் கிண்ணத்தை அவரிடம் நீட்டும்போது, இஷென்பாய் நடுவில் கையை விட்டு வாங்கிக்கொண்டார். டாக்டர் சொன்னதை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

சாதிருக்கு முகம் சுருங்கிவிட்டது. "யோவ் சம்பந்தி, குடுத்தத திரும்பப் புடுங்கறியே. உன் தெம்பு வந்தா பய வாசப்படி ஏறவே மூச்சு வாங்குவானே?"

உறவுக்காரர்கள் சிரித்தார்கள். இஷென்பாய் விரலை வெண்ணெயில் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்தார். அது பல்லில்லாத ஈறால் விரலைக் கவ்விக்கொண்டது. விரலை இழுக்காமலே சொன்னார்:

"பொறாமதான் சாதிர், ஒத்துக்கறேன். உன் ஆளுங்க ஒரு பனிக்காலம் சண்ட போட்டுட்டு உக்காந்துட்டாங்க. என் ஆளுங்க நாக்குத் தள்ளி, இன்னிக்குக் காலையிலயும் ஓடிட்டுதான் இருக்காங்க. பய அந்த ஓட்டத்த எடுத்துக்கட்டும்."