மூன்று விசில்

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு யாரும் விசில் அடிக்கக் கூடாது. அடித்தால் பாம்பு வரும் என்பாள் அம்மா. தில்லி மயூர் விஹாரில் நாலாவது மாடிக்குப் பாம்பு எப்படி ஏறி வரும் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. லிஃப்ட் இருக்கிறதே என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வேறு ரகம். ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லியின் தெற்கு விளிம்பில் இருக்கும் ஆரவல்லிக் காட்டில் நடக்கப் போவார். எனக்கு எட்டு வயதானபோது முதன்முதலாக என்னையும் கூட்டிப்போனார். கழுத்தில் ஒரு ஆரஞ்சு விசிலை மாட்டிவிட்டு, "வழி தவறிட்டா நின்ன இடத்துலயே நில்லு. மூணு தரம் ஊது. நான் வந்துடுவேன். அச்சா?" என்றார். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவோம் என்று அம்மாவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

திரும்பும் வழியில்தான் தாமதம். யாரோ எறிந்த சிப்ஸ் பாக்கெட்டைக் கண்டால் மாமாவுக்குக் கால் நகராது; பையை எடுத்துப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார். அவர் குனிந்திருந்த நேரத்தில் நான் ஒரு மயிலின் பின்னால் போனேன். ஊரார் குப்பையைப் பத்திரமாகப் பையில் போட்டவர் அக்கா மகளைத் தொலைத்துவிட்டார்.

மயில் பறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கருவேல முள். பாதையைக் காணோம். சொன்னபடி நின்ற இடத்திலேயே நின்று, விசிலை வாயில் வைத்தேன். அப்போதுதான் வெயில் போய்விட்டதைக் கவனித்தேன். வீட்டில் அம்மா விளக்கு வைக்கும் நேரம். காலடியில் சருகு அசைந்தது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அழக்கூடப் பயம், மூச்சுச் சத்தமே விசில் மாதிரிக் கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். இருட்ட இருட்ட முள்மரங்கள் கிட்டே வந்தன.

அப்போது தூரத்தில் விசில். ஒன்று, இரண்டு, மூன்று. சற்று நின்று மறுபடியும் மூன்று. மாமாதான். காட்டிலுள்ள பாம்பெல்லாம் அவரை நோக்கிப் போவது என் கண்ணெதிரே தெரிந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். பயத்தில் எனக்கு இந்திதான் முந்திக்கொண்டு வரும்.

"மாமா! சீட்டி மத் பஜாவோ! விசில் ஊதாதீங்க! பாம்பு வந்துடும்!"

முள்ளை மிதித்துக்கொண்டு ஓடிவந்தார். சட்டை கிழிந்திருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டவர் பாதைக்கு வந்த பிறகும் இறக்கிவிடவில்லை. அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

பாவம், மாமாவுக்குப் பாம்பென்றால் இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொண்டு, சாலை வரும்வரை அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி வந்தேன்.