அக்காவுக்குப் போட்ட சதவீதம்

அக்காவின் வலது கையை நான் முழுதாகப் பார்த்தது விருதுநகரில், ஒரு டாக்டரின் மேசை மேல்தான். அக்கா என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அடுத்தடுத்த வீடு. இருந்தும், பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அந்தக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். சோறு தின்னும்போதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அன்று டாக்டர் முந்தானையை விலக்கச் சொன்னார். மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன.

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு முதலில் டாக்டர் ஊனத்துக்குச் சதவீதம் போட்டுத்தர வேண்டும். நாற்பது சதவீதமாவது இருந்தால்தான் அட்டையே கிடைக்கும் என்று மருத்துவ முகாம் வாசலில் சொன்னார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, புருஷனும் போய்விட்டார். அந்தப் பணம் வந்தால்தான் அடுப்பு எரியும். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். மனுவை எழுத்துக்கூட்டி நிரப்பிக்கொண்டு துணைக்குப் போனேன்.

டாக்டர் நல்ல மனிதர்தான். பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவிட்டாள். வலிக்கிறதா என்றார். இல்லை என்றாள். வேலை பார்க்க முடிகிறதா என்றார்.

"எல்லா வேலையும் பாப்பேன்யா. ஒரு கொறையும் இல்ல."

அது அக்காவின் பேச்சே இல்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு நாங்கள் இருவரும் வருஷக்கணக்காகப் போனவர்கள். சோதனைக்கு ஆபீசர் ஜீப் வரும் நாளில் போர்மேன் எங்களை வரிசையாக நிறுத்தி இதைச் சொல்லிப் பழக்குவார். மாற்றிச் சொன்னவளை மறுநாள் வேனில் ஏற்ற மாட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சர்க்கார் ஆள் உட்கார்ந்து கேட்டால் அக்காவின் வாயில் அதுதான் வரும். எனக்கும் அதுதான் வந்திருக்கும்.

பொய் சொல்கிறாள் ஐயா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேற்று ஆண்கள் முன்னால் எனக்கு எப்போதும் நாக்கு எழும்பாது. காகிதப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் முப்பத்தைந்து என்று எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா மெதுவாகக் கேட்டாள். "ஏத்தா, நான் சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீகக்கா."

அடுத்த முகாமுக்கு எவ்வளவோ கூப்பிட்டேன். ஒரு டாக்டரிடம் சொன்னதை இன்னொருவரிடம் மாற்றிச் சொன்னால் பொய்க்காரி என்று பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தாள். அதோடு, "கை வெளங்காதுன்னு எழுதி வாங்கிட்டா சீசனுக்கு எவன் கூப்பிடுவான்? நீயா கம்பெனி வச்சிருக்க?" என்று என்னைக் கேலி செய்தாள்.

எந்த சீசனுக்கும் யாரும் கூப்பிடவில்லை. என் வீட்டுக் கஞ்சியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பசியில்லை என்று அதிலும் பாதியைத் திருப்பித் தருவாள். போன பங்குனியில் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது எதிரே யாரும் இல்லை, எழுத முடிகிறது. அக்காவால் சோறு பிசைய முடியாது. தலைமுடியை நான்தான் முடிந்துவிடுவேன். குழாயடியில் குடத்தை இடுப்பில் நான் தூக்கி வைத்தால்தான் நடப்பாள். வாடைக்காற்று அடித்தால் அவள் முனகுவது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.

டாக்டரிடம் சொல்ல இவ்வளவுதான் இருந்தது.