ஹெல்மெட்டுக்குள்ளே பனிமூட்டம்

ஹெல்மெட் விற்பவளிடம் வந்து தலையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இதுவரை யாருமில்லை. எல்லாருக்கும் கவலை முகத்துக்கு முன்னே இறக்கிவிடும் கண்ணாடி மூடி, அந்த வைசரைப் பற்றித்தான்.

மலேசியாவில், கோலசிலாங்கூரில் இருக்கிறது என் கடை. ஒட்டினாற்போல என் வீட்டுக்காரர் சேவியரின் மோட்டார் பட்டறை. அவர் வண்டியைப் பார்ப்பார், நான் வண்டிக்காரர்களின் தலையைப் பார்ப்பேன். "இந்த வெயில் ஊர்ல வைசர்ல ஏதுங்க பனி?" என்று கேட்பவர்கள், ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்கு அடைமழையில் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் போய்ப் பாருங்கள். மூச்சு விட்டால் வைசர் வெள்ளையாகிவிடும். மூச்சை அடக்கினால் நாம் நீலமாகிவிடுவோம். வைசரைத் தூக்கினால் மழை முகத்தில் அறையும். மூக்குக்கண்ணாடி வேறு போட்டிருந்தீர்கள் என்றால் உங்களுக்கு இரண்டு பங்கு தண்டனை. நானும் கண்ணாடிக்காரிதான். அந்தப் பாசத்தில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எலுமிச்சை வாசனை

பெருமாள் அண்ணன் பெஸ்தாரி ஜெயா பக்கம் குடியிருப்பவர். தினமும் கப்சாய் என்கிற சின்ன மோட்டாரில் ரவாங் ஃபேக்டரிக்குப் போய் வருகிறார். ஒருநாள் கடைக்கு வந்து, "காலைல கண்ணே தெரியலம்மா, நேத்து ஒரு மாட்டுக்கிட்ட போயி ஹாரன் அடிச்சு, அது திரும்பிப் பாத்தப்பறந்தான் மாடுன்னு தெரிஞ்சுச்சு" என்றார். மாதக் கடைசி, புதிதாக எதையும் அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. பாத்திரம் கழுவும் எலுமிச்சை சோப்புத் திரவம் ஒரு சொட்டு எடுத்து வைசரின் உள்பக்கம் தடவுங்கள், காய்ந்ததும் மெல்லிய துணியால் பளபளவென்று துடைத்துவிடுங்கள், மூச்சுக்காற்று படியாது என்று சொல்லி அனுப்பினேன். நல்ல வைத்தியம்தான். ஒரு சொட்டு என்பதைத்தான் நான் இரண்டு தடவை சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் கண்கள் இரண்டும் சிவந்துபோய் வந்து நின்றார். ஒரு சொட்டுக்கே இவ்வளவு வேலை செய்தால் கால் போத்தலுக்கு எவ்வளவு செய்யும் என்று கணக்குப் போட்டு, தாராளமாகப் பூசி, துடைக்காமலே கிளம்பியிருக்கிறார். பாதி வழியில் மழை. வைசருக்கடியில் தண்ணீர் புகுந்து நுரை பொங்கி, தாடி முளைத்தாற்போல நெஞ்சு வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஓரமாக நிறுத்தி நிறுத்தி, ஒரு வழியாக ஃபேக்டரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாராம். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவரே சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, கேட்ல காவலுக்கு நிக்கிற ஜாகா கேக்குறான், 'அண்ணே, நீங்க வீட்டுலேருந்து வர்றீங்களா, சட்டி கழுவுற தொட்டியிலேருந்து வர்றீங்களா'ன்னு!"

பாக் சிக் பாடுகிறார்

தஞ்சோங் காராங்கில் நெல் போடும் மலாய்ப் பெரியவர் பாக் சிக் ஹாமிட் என்னிடம் மூன்று ஹெல்மெட் மாற்றிவிட்டார். எதைப் போட்டாலும் வைசர் மங்குகிறது என்று புகார். எனக்கோ மானப் பிரச்சினையாகிவிட்டது. கடைக்குள் நாற்காலியில் உட்காரவைத்து, ஹெல்மெட்டை மாட்டி, ஏர்கோன் காற்றை நேராக முகத்துக்குத் திருப்பினேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. வைசர் பளிங்காக இருந்தது. "வாய்க்கால் ஓரமா மோட்டார் ஓட்டிக்கிட்டுப் போறதா நெனச்சுக்குங்க" என்றேன். மனிதர் கண்ணை மூடி, கைகளை நீட்டி ஹேண்டிலைப் பிடிப்பதுபோல வைத்தார். அடுத்த கணம் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய மலாய்ப் பாட்டு கிளம்பியது. இரண்டாவது வரிக்குள் வைசர் முழுக்க வெள்ளை.

வீட்டிலிருந்து வயல் வரைக்கும் அவர் வாயை மூடுவதே கிடையாதாம். பாடாமல் போங்கள் என்று எப்படிச் சொல்வது? மூக்கு மறைப்பு ஒன்றை மாட்டிவிட்டேன். அது மூக்கின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்து, மூச்சை மேலே விடாமல் மோவாய்ப் பக்கம் தள்ளிவிடும். இரண்டு வாரம் கழித்து ஒரு பை அரிசியோடு வந்தார், அன்பளிப்பாம். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"ரோடு நல்லாத் தெரியுது. பாட்டுத்தான் மூக்கால வருது."

சிவாவின் கண்

இனி ஜெயந்தி, சிவா கதைக்கு வருகிறேன். கணவன் மனைவி இருவருக்கும் ரவாங்கில் வேலை. அவள் ஒரு கிளினிக்கில் தாதி, அவர் ஓர் அலுவலகத்தில் கணக்கர். இந்தியாவுக்குப் போய் வாடகை வண்டி எடுத்து லடாக் மலைக்கணவாய்களில் மோட்டார் ஓட்டும் ஒரு குழுவில் பேர் கொடுத்துவிட்டு, தலைக்கு வாங்க என்னிடம் வந்தார்கள். வந்த உடனேயே கடைக்குள் சண்டை. நீ தடித்த கண்ணாடி போட்டவள், அந்தக் குளிரில் கண்ணாடியும் மங்கும் வைசரும் மங்கும், என் பின்னால் உட்கார்ந்து வா என்கிறார் சிவா. ஜெயந்தி என் பக்கம் திரும்பினாள். என்னிடம்தான் பேசினாள். "அக்கா, நாலு வருஷமா லீவு சேத்து வச்சிருக்கேன். இவர் முதுகைப் பாக்குறதுக்கு லடாக் வரைக்கும் போகணுமா?"

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிற்று. இருவருக்கும் வைசரின் உள்பக்கம் பொருத்தும் இரண்டாவது லென்ஸ் கொடுத்தேன். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய காற்று, வெளிக்குளிர் உள்ளே வராமல் காக்கும். மூச்சு படிய குளிர்ந்த இடம் இருக்காது. ஜெயந்தி தன் ஹெல்மெட்டை நீட்டி என்னையே பொருத்தித் தரச் சொன்னாள். சிவா வீட்டில் தானே பொருத்திக்கொள்வதாகச் சொல்லி வாங்கிப் போனார்.

ஒரு வாரம் கழித்துத் தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது. ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தேன். லென்ஸின் மேல் பாதுகாப்புக்கு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை. ஓரத்தில் நகத்தை வைத்து சர்ரென்று இழுத்தேன். மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, எனக்குக் கண்ணுல பொறை விழுந்துருச்சுன்னு நெனச்சு, ஆஸ்பத்திரியில நாள் வாங்கிட்டேன் லா."

என்ன மீன் இது?

எல்லாம் சரி, தண்ணீர் உறையும் குளிரில் என் சரக்கு தாங்குமா? இது ஜெயந்தி கேட்ட கேள்வி. நான் பார்த்த பெருங்குளிர் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி ஒரு பெண்ணை மலையுச்சிக்கு அனுப்ப மனசு ஒப்பவில்லை. சேவியர்தான் யோசனை சொன்னார். ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங்கில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் சீன முதலாளி ஒருவர், நாங்கள் தௌக்கே என்போம், எங்கள் வாடிக்கை. அவருடைய உறைகிடங்கில் மைனஸ் பதினெட்டு. காரணத்தைக் கேட்டதும் தௌக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்தே நிமிடம், கதவை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று சொல்லி அனுமதித்தார்.

மழைக்கோட்டின்மேல் கம்பளி, கம்பளியின்மேல் போர்வை என்று சுற்றிக்கொண்டு, நால்வரும் ஹெல்மெட்டோடு மீன்பெட்டிகளின்மேல் வரிசையாக உட்கார்ந்தோம். ஆளுக்கொரு வைத்தியம். சேவியருக்கு வெறும் வைசர். எனக்குச் சோப்பு. சிவாவுக்கு உள்லென்ஸ் மட்டும். ஜெயந்திக்கு உள்லென்ஸும் மூக்கு மறைப்பும். ஒரு நிமிடத்தில் சேவியர் முகம் மறைந்துபோயிற்று. படிந்த மூச்சு அப்படியே சர்க்கரைத் தூளாக உறைந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. என் சோப்பு மூன்று நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டுப் பூப்பூவாக உறைந்தது. சிவாவுக்கு நடுவில் தெளிவு, லென்ஸ் எட்டாத ஓரங்களில் பனி. ஜெயந்தி மட்டும், கண்ணாடிக்குள்ளே கண்ணும் தெரிய, பல்லும் தெரிய உட்கார்ந்திருந்தாள். "நான் ஓட்டுறேன்! நானே ஓட்டுறேன்!" என்று அவள் கத்தியது ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்டது. சிவா மறுபேச்சு பேசவில்லை. பேசினால் வைசர் மங்கும்.

அந்த நேரம் பார்த்து, இறால் வாங்க வந்த ஓர் அம்மாள் திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார். வெள்ளைப் புகைக்கு நடுவே, மீன்பெட்டிகளின்மேல் வரிசையாக நான்கு உருண்டைத் தலைகள். அலறவில்லை, ஓடவில்லை. நிதானமாகத் தௌக்கே பக்கம் திரும்பினார்.

"தௌக்கே, இது என்ன மீன்? கிலோ எவ்வளவு?"

லோரிக்காரர் சொன்ன புத்தி

புறப்படுவதற்கு முன் ஒரு முறை மலையில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு நால்வரும் பிரேசர் மலைக்குக் கிளம்பினோம். ஆளுக்கொரு வண்டி. ஏறும்போது நல்ல வெயில். இறங்கும்போது மேகம் சாலைக்கே வந்துவிட்டது, கூடவே மழை. மற்ற மூவருக்கும் உள்லென்ஸ். எனக்கு? ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டேனே தவிர, என்னுடைய ஹெல்மெட்டுக்கு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். முதலில் மூக்குக்கண்ணாடி மங்கியது. பிறகு வைசர். அடிவாரத்தில் இருக்கும் அம்பாங் பெச்சாவை எட்டிவிட்டால் நின்றுகொள்ளலாம் என்று ஊர்ந்துகொண்டிருந்தேன்.

முன்னால் சிவப்பாக இரண்டு கறை தெரிந்தது. ஓடுகிற வண்டி என்றுதான் நினைத்தேன். கறை பெரிதாகிக்கொண்டே வந்தபோதுதான் அது நிற்கிறது என்று உறைத்தது. இடது கையால் வைசரைத் தூக்கி, இரண்டு பிரேக்கையும் பிடித்து, வண்டி கொஞ்சம் வழுக்கி, காலை ஊன்றி நின்றபோது, நின்றுகொண்டிருந்த ஒரு லோரியின் பின்பலகைக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். சாலையில் மூங்கில் சாய்ந்து கிடந்ததால் லோரி நின்றிருக்கிறது.  "சேசுவே, சேசுவே" என்று எத்தனை தடவை சொன்னேனோ. பின்னால் வந்த சேவியர் திட்டுவார் என்று பார்த்தால், வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். 

லோரி ஓட்டுநர் நம் தமிழர்தான். இறங்கி வந்து, வெந்நீர்ப் போத்தலிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். என் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்புறம் என் கடையின் ஸ்டிக்கர், பெரிய எழுத்தில். ஜெயந்தி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, இந்தக் கடையில மட்டும் இனிமே வாங்காதீங்க."

உச்சியிலிருந்து

ஜெயந்தியும் சிவாவும் லடாக் போய்ச் சேர்ந்து ஒன்பதாவது நாள் மத்தியானம், போனில் இரண்டு குரல் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அதற்கு முந்திய இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. கணவாயில் பனி விழுகிறது என்று குழுவிலிருந்து வந்த ஒற்றை வரிதான். வாடிக்கையாளர் மீடியம் கேட்டால் லார்ஜ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சேவியரைப் பட்டறையிலிருந்து கூப்பிட்டு, கிரீஸ் கையோடு பக்கத்தில் நிற்கவைத்துக் கேட்டேன்.

முதலாவது சிவா. உறைகிடங்குக்குப் பிறகு நான் அவருக்கும் மாட்டிவிட்ட மூக்கு மறைப்பை, உறுத்துகிறது என்று காலையில் கழற்றிவிட்டாராம். ஏறும்போது பனித்தூறல். வைசரின் ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் ஒரு சின்ன ஜன்னல்தான் மிச்சம். குழுவில் பாதிப்பேர் வைசரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஊசி ஊசியாக முகத்தில் பனி குத்த, கண்ணைச் சுருக்கி ஓட்டியிருக்கிறார்கள். ஜெயந்தி மட்டும் மூடிய வைசரோடு முன்னே போனாளாம். வழிகாட்டி அவளையே முன்னால் விட்டுவிட்டாராம். "நான் அவ பின்விளக்கைப் பாத்துக்கிட்டேதான் அக்கா ஏறினேன். உச்சி வரைக்கும்" என்று முடித்தார் சிவா. குரலில் வருத்தமே இல்லை, பெருமைதான் இருந்தது.

இரண்டாவது ஜெயந்தி. முதலில் வெறும் காற்று. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு சிரிப்பா விசும்பலா என்று புரியாத ஒன்று. சேவியர் போனை இன்னும் கிட்டே இழுத்தார், அதில் ஐந்து விரல் கிரீஸும் அப்பியது. அப்புறம் அவள் குரல் வந்தது.

"அக்கா, வைசர் பளிச்சுனு இருக்கு. மூக்குக்கண்ணாடியும் பளிச்சுனு இருக்கு. இப்ப அழுது அழுது கண்ணுதான் மங்கிப்போச்சு, இதுக்கு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

இத்தனை வருஷ வியாபாரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மனுஷரை மூச்சு விடாதே என்று சொல்ல முடியாது, அந்த மூச்சு வெளியே போக ஒரு வழி பண்ணிக் கொடுக்கத்தான் முடியும்.