டிரைவிங் டீச்சரின் நான்கு வாத்துகள்

கைக்கொன்றாக இரண்டு திரைச்சீலைக் கம்பிகளை நீட்டிப் பிடித்தபடி, நான்கு வாத்துகளுக்குப் பின்னால் டிரைவிங் டீச்சர் நடக்கிறார். அவசரப்படுத்தினால் நான்கும் ஒன்றாகத் திரும்பித் தண்ணீர்த் தொட்டிக்கே ஓடிவிடும். அதட்டினால் கழுத்தை நீட்டி அவரையே திருப்பி அதட்டும். ஆகவே வலது கம்பியை ஒரு சாண் உள்ளே கொண்டுவருகிறார். வரிசை இடப்பக்கம் வளைகிறது. "லேசா, லேசா. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுத் தொங்கக் கூடாது" என்கிறார். வாத்துகளுக்குச் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாது.

கோழிகளால் இந்தத் தொல்லை இல்லை. வெளிச்சம் மங்கியதும் ஆறு கோழிகளும் தாமாகவே கூண்டுக்குள் ஏறி, குச்சியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கதவைச் சாத்த வேண்டியது ஒன்றுதான் பாக்கி. "கோழிங்க ஆபீஸ் போறவங்க மாதிரி. மணி அடிச்சா வீடு. இதுங்க விருந்துக்கு வந்தவங்க. கிளம்பறேன் கிளம்பறேன்னு வாசல்லயே ஒரு மணி நேரம் நிப்பாங்க" என்பது டீச்சரின் கணிப்பு.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருடங்களாகப் பழகுநர்களின் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உயிரை வைத்திருக்கிறார். அதனால் அவருடைய செருப்புகளில் வலது கால் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். கணவர் லாரியோடு போய்விட்டு மாதத்தில் நான்கு நாள் வீட்டில் தூங்குபவர். மீதி நாட்களில் வீட்டில் இருப்பது டீச்சரும் நாத்தனாரும்தான். கணவரின் அக்காவான அந்த நாத்தனார் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். கோழிகள் அவருடைய கட்சி. வாத்துகளுக்குக் கட்சி என்று இருந்தால் அதில் டீச்சர் ஒருவர்தான் உறுப்பினர்.

வாத்துகளை அவர் தேடிப் போகவில்லை. ஐந்து முறை டெஸ்டில் தோற்று ஆறாவது முறை தேறிய ஒரு மாணவர், நன்றிக்கடனாக அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால் நான்கு மஞ்சள் குஞ்சுகள். அந்த வாரம்தான் நாத்தனாரின் பெட்டைக்கோழி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சு என்றால் குஞ்சுதானே என்று டீச்சர் ஏழையும் குளியலறையில் ஒரே பல்புக்கு அடியில், ஒரே தண்ணீர்க் கிண்ணத்தோடு வைத்துவிட்டார். வாத்துக்குஞ்சு கிண்ணத்தைக் கண்டால் குடிப்பதோடு நிறுத்தாது. தலையை முக்கும், உதறும், பிறகு ஏறி உட்காரும். நான்காம் நாள் காலையில் கோழிக்குஞ்சுகள் மூன்றும் தொப்பலாக நனைந்திருந்தன. ஒன்று பிழைக்கவில்லை. "குளிப்பாட்டியே கொன்னுட்டா" என்று நாத்தனார் வாடிக்கையாளர்களிடம் அளவெடுக்கும்போதெல்லாம் சொன்னார். டீச்சர் மறுக்கவில்லை. தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும்.

பின்தோட்டம் நீளத்தில் இருபது தப்படி, அகலத்தில் எட்டுத் தப்படி. அதில் இரண்டு இனமும் இரண்டு வேறு உலகங்களாக வாழ்கின்றன. நேற்று நட்ட நாற்றைக் கோழி இன்று வேரோடு கிளறிப் பார்க்கும். வாத்து கிளறாது, நத்தைகளைத்தான் பொறுக்கும். ஆனால் அந்த அகலப் பாதத்தால் பாத்தி முழுவதையும் இஸ்திரி போட்டுவிடும். மழை வந்தால் கோழிகள் கூரைக்கு அடியில் ஒடுங்கி, யாரோ தங்களை ஏமாற்றிவிட்ட முகத்தோடு நிற்கும். வாத்துகளுக்கு அன்றுதான் திருவிழா. தொட்டித் தண்ணீரைக் காலையில் மாற்றினால் மதியத்துக்குள் காபி நிறமாகிவிடும். தொட்டியைச் சுற்றி எப்போதும் கணுக்கால் அளவு சேறு. முட்டை விஷயத்தில் நாத்தனாரின் தீர்ப்பு இது: "கோழி முட்டை போட்டா தெருவுக்கே சொல்லும். உன் வாத்து விடியறதுக்குள்ள எங்கேயோ போட்டுட்டு, திருட்டுத்தனமா நழுவி வருது. ஒரு நல்லது செஞ்சதுக்கு எதுக்குடி இந்த முழி?"

போன வாரம் சனிக்கிழமை டீச்சர் கூண்டைக் கழுவினார். கோழிகளை ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டார். ஐந்து வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. அதே கை அடுத்ததாக ஒரு வாத்தின் காலையும் பிடித்துத் தூக்கிவிட்டது. எப்போதும் வரிசையில் கடைசியாக, தயங்கித் தயங்கி வரும் வாத்து அது. அதனால் அதை 'எல் போர்டு' என்று கூப்பிடுவார். உள்ளங்கையில் 'நொடுக்' என்று ஒரு சின்ன அதிர்வு. கீழே விட்டதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. எழுந்திருக்கவில்லை.

கால்நடை டாக்டர் காலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக டீச்சரைப் பார்த்தார். "எலும்பு உடையலை, சுளுக்குதான். பிடிச்சுத் தூக்கினா வாத்தோட கால் அதோட எடையைத் தாங்காதும்மா. ரெண்டு கையாலயும் உடம்போட சேர்த்துத் தூக்கணும். தினமும் தண்ணியில விடுங்க. பாரம் இல்லாம கால் அசையணும்."

அன்று சாயங்காலமே ஒரு பெட்டைக்கோழி வந்து நொண்டி வாத்தின் முதுகில் கொத்திப் பார்த்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கூட்டத்தில் யாராவது தளர்ந்தால் கோழிகளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். டீச்சர் துடைப்பத்தை எடுப்பதற்குள் மற்ற மூன்று வாத்துகளும் வந்து, சுற்றி உட்கார்ந்துவிட்டன.

நாத்தனார் பின்வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அது நடக்கலைன்னா கோழிக்கடைக்காரரை வரச் சொல்லிடுவேன். ஒண்ணு போனா மிச்ச மூணும் போகட்டும். தோட்டம் கொஞ்சம் காயட்டும்."

"நடந்துட்டா?"

"நடந்துட்டா நான் வாயைத் தைச்சுக்கறேன்."

"எவ்வளவு தூரம் நடக்கணும்க்கா?"

நாத்தனார் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை உருவினார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, தொட்டி விளிம்பிலிருந்து கூண்டுக் கதவு வரைக்கும் அளந்தார். "பதினோரு அடி, மூணு அங்குலம்."

"அந்த மூணு அங்குலத்தை விட்டுக் கொடுங்களேன்."

"சட்டை தைக்கிறப்ப விட்டுக் கொடுத்தா நீ போட்டுப்பியா?"

மறுநாளிலிருந்து டீச்சரின் அட்டவணை மாறியது. காலை ஐந்தரைக்குக் குளியலறைத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். எல் போர்டின் வயிற்றுக்கு அடியில் ஒரு கை, மேலே ஒரு கை. முதல் நாள் நல்ல கால் மட்டும் துடுப்புப் போட்டது. வாத்து ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றியது. "ஒரு பக்கமே ஒடிக்காதே" என்று டீச்சர் முணுமுணுத்தார். மதியம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் சாப்பாட்டு நேரம் முப்பது நிமிடம். அதில் இருபது நிமிடம் வாத்துக்கு, பத்து நிமிடம் சட்டைக் கையைக் காயவைக்க. செவ்வாய்க்கிழமை வாசலில் காத்திருந்த மாணவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். "ஹாரன் அடிச்சா வண்டி நகருமா? அதுக்குள்ள கண்ணாடியைச் சரிபண்ணு" என்று குளியலறையிலிருந்து பதில் வந்தது.

"உன் புருஷனுக்கு ஒரு நாள் கால் பிடிச்சு விட்டிருப்பியா?" என்று நாத்தனார் கேட்டார்.

"அவர் ஒரு நாளாவது நொண்டினாரா, சொல்லுங்க."

புதன்கிழமை சுளுக்கிய கால் தண்ணீருக்குள் ஒரு முறை விரிந்து மடங்கியது. வியாழக்கிழமை தரையில் விரலை ஊன்றியது. வெள்ளிக்கிழமை மூன்று எட்டு, சனிக்கிழமை ஆறு எட்டு வைத்து உட்கார்ந்துவிட்டது. பதினோரு அடிக்கு அது பாதி தூரம்கூட இல்லை. டீச்சர் கூண்டு வரை இருந்த பாதையில் கிடந்த கற்களை மட்டும் பொறுக்கி அப்புறப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கோழிக்கடைக்காரர் கம்பிக்கூடையோடு வந்தார். டீச்சருக்கு ஆறு மணிக்கு ஒரு வகுப்பு இருந்தது. வேலைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு தோட்டத்தில் இறங்கி, எல் போர்டை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கித் தொட்டி விளிம்பில் விட்டார். கம்பிகளை நீட்டினார். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. வரிசை நகர்ந்தது. எல் போர்டு சாய்ந்து சாய்ந்து, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு குலுக்கு குலுக்கி நடந்தது. நாத்தனார் வாசற்படியில் நின்று உதடு அசையாமல் எட்டுகளை எண்ணினார். நாலு. அஞ்சு. ஆறு. ஏழாவது எட்டில் வாத்து உட்கார்ந்துவிட்டது.

மற்ற மூன்றும் அதற்குள் கூண்டு வாசலை எட்டியிருந்தன. அவை உள்ளே போகவில்லை. திரும்பி வந்து எல் போர்டைச் சுற்றி நின்றுகொண்டன. ஒன்று குனிந்து அதன் கழுத்து இறகைக் கோதியது.

"உக்காந்திருச்சேம்மா. எடுத்துக்கவா?" கோழிக்கடைக்காரர் கூடையின் மூடியைத் திறந்தார்.

"டெஸ்ட் இன்னும் முடியலைண்ணே."

"உக்காந்தா ஃபெயில்தானே?" என்றார் நாத்தனார் படியிலிருந்து.

"யார் சொன்னது? நடுவழியில வண்டி ஆஃப் ஆனா திரும்ப ஸ்டார்ட் பண்ணலாம். அதுக்கெல்லாம் ஃபெயில் போட மாட்டாங்க. நீங்க தூரத்தைத்தான்க்கா அளந்தீங்க. நேரத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே."

நாத்தனார் கழுத்தில் தொங்கிய டேப்பை விரலில் சுற்றத் தொடங்கினார்.

டீச்சர் போனை எடுத்து, ஆறு மணி வகுப்பை நாளைக்குத் தள்ளிவைத்தார். பக்கத்தில் இருந்த வாளியின் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றிவிட்டு, அதைக் கவிழ்த்து, அடிப்பாகத்தைத் துடைத்துக் கோழிக்கடைக்காரரின் அருகில் வைத்தார். "உக்காருங்கண்ணே. நேரமாகும்." பிறகு கம்பிகளைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு, வாத்துக்குப் பக்கத்தில் அந்தச் சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.