மாட்டுப் பொங்கலுக்குக் குளித்த டிராக்டர்

எங்கள் வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத ஆள் என்றால் அது அத்தைதான். சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றி, இப்போதே எழுந்து ஓடிவிடுகிற மாதிரி உட்காருவார். அப்பாவின் ஒரே தங்கை. திருச்சியில் லாரி ஷெட் வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மகராசன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அத்தை உப்பிலியபுரத்துக்கே, எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டார். திருச்சியில் வாழ்ந்த அந்த வீட்டைப் பற்றி மூச்சுவிட மாட்டார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. திருச்சியில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும். எட்டாம் வகுப்பு பாஸ் செய்திருந்தார். தங்கிக்கொள்ள ஸ்ரீரங்கத்தில் அம்மாவின் பெரியம்மா வீடு இருந்தது. அப்பா ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. "மாடு கன்னு கெடக்கே, நீ போயிட்டா யாரு பாக்குறது?" என்று மட்டும் கேட்பார். அத்தை தவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விடுவார்.

அதனால்தான் சித்தப்பா டிராக்டர் பேச்சை எடுத்தபோது வீட்டிலேயே அதிகம் துள்ளியது அத்தை. லால்குடிப் பக்கம் ஒரு மிராசுதார் கழித்துக்கட்டிய சீமை வண்டி அது. உழவு மாட்டு ஜோடியையும் கன்றுகளையும் அடுத்த கொல்லைக்காரருக்கு விற்றுவிட்டு, மார்கழிக் கடைசியில் அதை ஓட்டிவந்தார்கள். "இது ஒழுங்கா உழுதுச்சுன்னா ஆனியில உன்னைக் கொண்டுபோய்ச் சேத்துவிடுறேன்" என்று அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார். அத்தை போய்விட்டால் எனக்குத் தலை பின்ன யார், பின்னும்போது வலிக்கிறதென்று நான் கத்தினால் பதிலுக்குக் கத்த யார்?

மாட்டுப் பொங்கல் வந்தது. தொழுவத்தில் மாடு இல்லை, டிராக்டர் நின்றது. சித்தப்பா விடுவாரா? மாட்டைக் குளிப்பாட்டுகிற அதே வைக்கோல் பிரியை எடுத்துத் தேய்த்தார், மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார். விலாப் பக்கம் மூடி தொலைந்துபோன ஓட்டை ஒன்று இருந்தது. "உள்ளாறயும் குளிரட்டும்" என்று அதற்குள்ளும் குடம் குடமாய் ஊற்றினார். நாங்கள் "பொங்கலோ பொங்கல்" என்று தட்டை அடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தோம். அப்புறம் அதைத் தொட வேலையே இல்லாமல் போயிற்று.

சித்திரையில் நல்ல மழை பெய்தது. ஈரம் காய்வதற்குள் உழுது கடலை போட வேண்டும். சித்தப்பா கைப்பிடியைச் சுற்ற, எஞ்சின் என்னவோ உடனே கிளம்பியது. கிளட்சை மிதித்துக் கியரைப் போட்டால்தான் ஊரே காதைப் பொத்துகிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். ஆயிலை மாற்றினார். கம்பியை இறுக்கினார். கடைசியில், "கியர் பாக்ஸே போச்சு" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார். திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அந்த ஆள் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தான். பக்கத்துக் கொல்லையில் எங்கள் மாடுகளே உழுதுகொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்குச் சந்தைக்குப் போறேன். மாட்டைப் புடிச்சாந்து கட்டிட்டு மறுவேலை" என்றார்.

அத்தைக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்கோ பிள்ளையார் மேல் நம்பிக்கை கூடிவிட்டது. வண்டி நகரவே கூடாது என்று நான்தான் அவரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அத்தை வண்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். எஞ்சினைக் கிளப்பவில்லை. கியர்க் கம்பியை முன்னால், பின்னால், பக்கத்தில் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். சந்தைக்குக் கிளம்பிய அப்பா நின்றுவிட்டார்.

"அண்ணே, கியர்ப் பல்லுல ஒண்ணும் கோளாறு இல்ல. எஞ்சின் நிக்கிறப்ப எல்லாக் கியரும் வெண்ணெயா விழுது. ஓடுறப்பதான் கத்துது. மிதிச்சா எஞ்சினையும் சக்கரத்தையும் பிரிச்சு விடணும்ல, அந்தக் கிளட்ச்தான் விடமாட்டேங்குது. தண்ணி போய்த் துரு ஏறி, உள்ள தகடு ஒட்டிக்கிச்சு. மழைக்காலம் பூரா நின்ன லாரிக்கு இப்படித்தான் ஆகும். அந்த வீட்டுல பாத்திருக்கேன்."

அந்த வீடு என்று அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். சித்தப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டு, "நம்ம பொங்கத் தண்ணியா?" என்றார்.

"கியரப் போட்டு வச்சே சரிவுல உருட்டிக் கிளப்பி, ஓட்டத்துல ஒதறுனா தகடு விட்டுக்கும்" என்றார் அத்தை. ஏரிக்கரைச் சரிவு வரை தெருவே சேர்ந்து தள்ளிக்கொண்டு போனது. சித்தப்பா ஏறமாட்டேன் என்றதால் அத்தையே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். பொம்பளை டிராக்டர் ஓட்டுதே என்று ஒருத்தர் வாய்விட்டார். "நீங்க ஓட்டுறீங்களா, வாங்க" என்றார் அத்தை. அந்த ஆள் அப்படியே பின்னுக்குப் போய்விட்டார்.

கியரைப் போட்டபடியே சரிவில் தள்ளிவிட்டோம். வண்டி இருமியது, புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. அடேயப்பா, என்ன ஓட்டம்! கிளட்சை அடியோடு மிதித்தும் நிற்கவில்லை. தரிசில் இறங்கி, ஒரு வேலியைத் தின்று, ஆட்டுக்காரரை ஓட ஓட விரட்டியது. அம்மா, "ஐயோ, குதிச்சிரு!" என்று அலறினார். அத்தை கிளட்சிலிருந்து காலை எடுக்காமலே வேகத்தைக் கூட்டினார், பிரேக்கை மிதித்தார், மறுபடி கூட்டினார், மறுபடி மிதித்தார். வண்டி முரண்டு பிடித்துத் துள்ளியது. பிறகு உள்ளே டப்பென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காலை மெல்ல எடுத்தார், நகர்ந்தது. மிதித்தார், நின்றது. அத்தை சிரித்த சிரிப்பை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. நான் மட்டும் ஓவென்று அழுதேன். பயந்துவிட்டேன் என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.

பொழுது சாய்வதற்குள் கொல்லை முழுக்க உழுது முடித்தாயிற்று. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து தாராளமாகச் சொன்னார்: "மெக்கானிக்காவது கிக்கானிக்காவது! என் தங்கச்சி இருக்கா. அம்மாடி, நீ இல்லாம இந்த வண்டிய யாரு பாக்குறது? டிரெயினிங் எங்க போயிடப் போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நான் எழுந்து ஆடியே விட்டேன். கொல்லைப்புறத்தில் அத்தை சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுக் கையிலிருந்த ஆயில் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் முதுகில் தொங்கினேன்.

"அத்த, நீங்க போகலையாம்!"

"ஆமாடி."

"ஏன் இன்னும் தேய்க்கிறீங்க? கைதான் வெளுத்துடுச்சே."

அவர் இன்னும் கொஞ்சம் சாம்பலை அள்ளித் தேய்த்தார். அப்பா சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன். அதனால் படுக்கப் போகும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சமிருந்தது. அடுத்த வருசம் சீக்கிரம் வந்துவிடுமே, அத்தை போய்விடுவாரே என்று.